இறப்பரும் அரிசியும்

வல்லரசுகள் ஒன்றோடொன்று முரண்படும்போதெல்லாம், சிறிய வாணிக நாடுகளைப் பற்றி நம்மவர் பேசுவது பெரும்பாலும் இரக்கப் பேச்சாகவே இருக்கிறது. “நாம் சிறியவர்கள், நம்மால் என்ன செய்ய இயலும்?” என்று கையை விரித்துவிடுவதில் ஒருவகை ஆறுதல் உண்டு. அந்த ஆறுதலை ஏற்க என் மனம் ஒருப்படுவதில்லை. நமது நாட்டின் வரலாற்றிலேயே அதற்கு மறுப்பு இருக்கிறது.

கொரியப் போர் நடந்துகொண்டிருந்த காலம். 1951 மே மாதத்தில், போர்த்தொழிலுக்கு உதவும் பொருள்களைச் சீனாவுக்கு விற்கலாகாது என ஐக்கிய நாடுகள் சபை தீர்மானித்தது. அத்தகைய பொருள்களைப் பொதுவுடைமை நாடுகளுக்கு விற்பவர்க்கு உதவியில்லை என அமெரிக்கா அதே ஆண்டிற் சட்டம் இயற்றியது. இறப்பரும் அப்பொருள்களுள் ஒன்று. 1952இல் இறப்பரின் விலை சரிந்தது, அரிசியோ கிடைத்தற்கரியதாயிற்று. இறப்பரை விற்றும் அரிசியை வாங்கியும் வந்த இலங்கைக்கு, ஒருசேர இரண்டு பக்கத்திலும் அடி விழுந்தது.

அப்போது ஆட்சியிலிருந்த டட்லி சேனநாயக்காவின் அரசாங்கம் இடதுசாரி அரசாங்கமன்று. பொதுவுடைமையை வெளிப்படையாக வெறுத்த அரசாங்கம். ஆயினும் பசி கொள்கையை வென்றது. வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்கா பீக்கிங் சென்றார். 1952 டிசம்பரில் ஐந்தாண்டு உடன்படிக்கை கைச்சாத்தாகியது: ஆண்டுதோறும் சீனா 270,000 தொன் அரிசி தருவது, இலங்கை 50,000 தொன் இறப்பர் தருவது. இறப்பருக்குச் சந்தை விலையிலும் கூடிய விலை கிடைத்தது. இலங்கை அன்று ஐக்கிய நாடுகள் சபையில் உறுப்பு நாடாக இருக்கவில்லை. 1955இலேதான் அனுமதி கிடைத்தது. வாயில் அடைக்கப்பட்டிருந்ததே ஒருவகையில் வசதியாயிற்று! அமெரிக்கா சில ஆண்டுகள் உதவியை மறுத்தது. உடன்படிக்கையோ புதுப்பிக்கப்பட்டுப் புதுப்பிக்கப்பட்டு முப்பதாண்டு நிலைத்தது.

இவ்வரலாற்றை உயர்தர வகுப்பின் கட்டுரைப் பாடவேளை ஒன்றிற் கூறிக்கொண்டிருந்தேன். சிறிய நாட்டின் துணிவு என்று பலரும் எழுதத் தொடங்கியிருந்தனர். கேகாலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்து படிக்கும் மாணவி எழுந்து கேட்டாள்: “சேர், அந்தக் கூடின விலையில பால் வெட்டினவங்களுக்கு எவ்வளவு கிடைச்சது?”

வகுப்பு மௌனமாயிற்று. அக்கேள்வியையே தலைப்பாக்கி எழுதுங்கள் என்றேன்.

ஏனெனில், நாடு என்பது ஒரே வயிறு உடையதன்று. இறப்பரைத் தந்த களுத்துறை, கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களிற் பால் வெட்டியவர்களுள் மலையகத் தமிழர் பெருந்தொகையினர். 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களால் அவர்களுட் பெரும்பாலோர் குடியுரிமையும் வாக்குரிமையும் இழந்திருந்தனர். எந்த நாட்டின் இறப்பர் விற்கப்பட்டதோ அந்த நாட்டில் அவர்கள் குடிகளல்லர்! 1953இற் கூப்பன் அரிசி கொத்தொன்று 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஆகஸ்ட் 12ஆந் திகதி மக்கள் ஹர்த்தாலில் இறங்கினர். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாண்டன. பிரதமர் பதவி துறந்தார். பீக்கிங்கிலிருந்து அரிசி வந்தது உண்மை. அது எவ்விலைக்கு ஏழையின் உலைக்குச் செல்லும் என்பதை முடிவுசெய்தது கொழும்பு.

பிறநாடுகளையும் இதே கண்கொண்டு பார்த்தல் வேண்டும். 2018 ஜூலையில் அமெரிக்கச் சோயா அவரைக்குச் சீனா 25 வீதம் மேலதிகத் தீர்வை விதித்தபோது, பிரேசில் அந்தச் சந்தையைப் பற்றிக்கொண்டது. பெருநிலக்காரர் செழித்தனர்; சோயா வயல்களுக்காகச் செராடோவின் இயற்கைக் காடுகள் அழிவது நிற்கவில்லை. 2020இல் கொரோனாவின் தோற்றம் பற்றி விசாரணை வேண்டுமென்ற அவுஸ்திரேலியாவின் வாற்கோதுமைமீது சீனா 80 வீதத்துக்கு மேல் தீர்வை சுமத்தியது. 2023இலேதான் அதை நீக்கியது. அவ்விடைக்காலத்திலும் அவுஸ்திரேலிய இரும்புத்தாதைச் சீனா விலக்கவில்லை. அது இன்றி அதன் உருக்காலைகள் ஓடமாட்டா. வியட்நாமோ 2023 செப்டெம்பரில் அமெரிக்க ஜனாதிபதியையும், டிசம்பரிற் சீன ஜனாதிபதியையும் ஹனோயில் வரவேற்று, இருவரோடும் உடன்பாடு கண்டது.

இவற்றிலிருந்து ஒன்று தெளிவாகின்றது. பிறர்க்கு இன்றியமையாத பொருளை வைத்திருப்பவனும், வேறு வாங்குவோனைத் தேடிக்கொள்ள வல்லவனும் வல்லரசின் முன் நிமிர்ந்து நிற்கலாம். ஆனால் அந்நிமிர்வின் பயன் எவரைச் சேரும் என்பதை வல்லரசு தீர்மானிப்பதில்லை. உள்நாட்டு வர்க்க உறவே தீர்மானிக்கிறது.

2025 ஏப்ரலில் இலங்கைப் பொருள்களுக்கு அமெரிக்கா 44 வீதத் தீர்வை அறிவித்தது. ஆகஸ்டில் அது 20 வீதமாகக் குறைக்கப்பட்டது. பேச்சுவார்த்தையின் வெற்றி என்றனர் பலர். கட்டுநாயக்க வலயத்திலே தையல் இயந்திரத்தின் முன் நாள்முழுதும் குனிந்திருக்கும் பெண்ணின் சம்பளம் பற்றி அந்தக் கொண்டாட்டத்தில் நான் ஒன்றும் கேட்கவில்லை. பேரம்பேசும் மேசைக்குச் செல்பவர்கள் அவளுடைய கணக்கையும் எடுத்துச் செல்லவேண்டும். தாமாக எடுத்துச் செல்லமாட்டார்கள். எடுத்துச் செல்லச்செய்வது தொழிற்சங்கங்களின் கடமை. அம்மாணவியைப் போலக் கேள்வி கேட்கக் கற்பிப்பது நம்போன்ற ஆசிரியரின் கடமை.