சென்னைக்குப் பதிலாக ஒரு கோட்டை!

மகளின் பிரசவத்துக்காகக் கனடா போயிருந்தேன். ஊர் திரும்பப் பத்தே நாள் இருக்கும்போது, "ஒரு நாளாவது சமையலறையை விட்டு வெளியே வாம்மா" என்று பிடிவாதம் பிடித்து, லூயிபூர் கோட்டைக்கு அழைத்துப் போனாள். நாலு மாதப் பேரனும் கூடவே.

நோவா ஸ்கோஷியா மாகாணத்தில், அட்லாண்டிக் கடலோரம் 1713-ல் பிரெஞ்சுக்காரர்கள் குடியேறிய ஊர் இது. அவர்களுக்கு முக்கிய வருமானம் என்ன தெரியுமா? கருவாடு! 'காட்' மீனை உப்பிட்டுக் காயவைத்துக் கப்பலேற்றினார்களாம். 1760-ல் ஆங்கிலேயர் கோட்டையை இடித்துத் தள்ளினார்கள். 1961 முதல் ஊரில் கால் பங்கைக் கனடா அரசு பழையபடியே எழுப்பியிருக்கிறது.

வாசலில் அந்தக் காலச் சிப்பாய் வேஷத்தில் ஒருவர் துப்பாக்கியோடு மறித்தார். பேரன் வீரிட்ட வீரிடலில் சிப்பாயே பின்வாங்கி விட்டார்!

சுற்றிக் காட்டிய பெண், நாங்கள் சென்னை என்றதும் சிரித்தாள். 1745-ல் ஆங்கிலேயர் இந்தக் கோட்டையைப் பிடிக்க, 1746-ல் பிரெஞ்சுக்காரர் நம் சென்னையைப் பிடித்தார்களாம். 1748 உடன்படிக்கையில் 'உன்னுது உனக்கு, என்னுது எனக்கு' என்று மாற்றிக்கொண்டார்கள். எனக்கு மெய்சிலிர்த்தது.

சிப்பாய்க்கு நாலு நாளைக்கு ஒரு ஆறு பவுண்டு ரொட்டியாம். அதே மாதிரி ரொட்டி அங்கே விற்கிறார்கள். நல்ல கனம், கடிக்கப் பல் வேண்டும்.

பிறகு அவள் சொன்ன கதைதான் இன்னும் மனசில் நிற்கிறது. ஆப்பிரிக்காவின் கினியாவில் பிறந்த மாரி மார்கரீத் ரோஸ், 1736-ல் இங்கே ஒரு அதிகாரி வீட்டுக்கு அடிமையாக வந்தாள். அவளுக்குப் பிறந்த மகனும் அடிமைதான். பத்தொன்பது வருஷம் எஜமானர் வீட்டுச் சமையல், துவைப்பு, அவர்கள் குழந்தைகளை வளர்ப்பது என்று உழைத்தாள். 1755-ல் விடுதலை கிடைத்ததும், அந்த மண்ணின் பூர்வகுடியான மிக்மாக் இனத்தவரை மணந்து, சொந்தமாக மதுவிடுதி நடத்தினாள். இரண்டே வருஷம். 1757-ல் இறந்துபோனாள்.

மகள் குழந்தையை இறுக அணைத்துக்கொண்டாள். "நீ போனப்புறம் நான் எப்படிம்மா தனியா சமாளிப்பேன்?" என்று ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தவள், திரும்பும் வழியில் அதைக் கேட்கவே இல்லை.

நீங்கள் போனால் கோடையிலும் ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள். கடல் காற்றும் மூடுபனியும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. கைக்குழந்தைக்குக் குல்லாய் அவசியம்.