ஏர்பேட்டு அவ்வாவுக்கு அது புதிரே இல்லை

'வெண்பா'ன்னு ஒரு சின்ன வீடியோ கேம். டொரன்டோவுல விசை கேம்ஸ்ங்கற சின்ன குழு பண்ணினது. 2023 ஜூலை கடைசியில வந்துச்சு. சுடறது, துரத்தறது எதுவும் கிடையாது. 1980கள்ல கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பம். அம்மா பேருதான் வெண்பா. ஊர்லேர்ந்து கொண்டு வந்த சமையல் நோட்டு கிழிஞ்சு, கறை படிஞ்சு கிடக்கு. விட்டுப்போன வரியை ஊகிச்சு இட்லி, புட்டு, பிரியாணின்னு செய்யணும். அதுதான் புதிர்.

விளையாடினவங்க நிறைய பேர் சொன்ன குறை, சீக்கிரம் முடிஞ்சுடுதுங்கறது. உண்மைதான், ரெண்டு மணி நேரம்கூட வராது. ஆனாலும் 2024ல சிறந்த முதல் படைப்புக்கான பாஃப்டா விருது கிடைச்சுது.

நம்ம வீட்டு விமர்சனத்துக்கு வருவோம். பையனுக்கு 13 வயசு. அவன் தீர்ப்பு: "ஈஸிப்பா, ஆனா இட்லில மாட்டிக்கிட்டேன்." தட்டுகளை எப்படி அடுக்கறதுன்னு புரியலையாம். சனிக்கிழமை ராத்திரி ஊருக்கு வீடியோ கால் போட்டப்ப அதையே அவ்வாகிட்ட காட்டினான். அம்மா கண்ணாடியைக்கூடத் தேடல. "குழிக்கு மேல குழி வந்தா ஆவி எப்படிறா மேல போகும்? தட்டைத் திருப்பி வை." அவ்வளவுதான். அவங்களுக்கு இதுல புதிர் எங்க இருக்குன்னே புரியல :)

கேம் பண்றவங்க ஆட்டக்காரர் சொல்றதைக் கேக்கறதோட, அவர் எங்க தடுமாறுறார்னும் கவனிப்பாங்க. 2007ல வந்த 'போர்ட்டல்' கேம்ல ஒரு கட்டத்துல ஒரு பெட்டியைக் கூடவே தூக்கிட்டுப் போகணும். சோதிச்சுப் பார்த்தவங்க அதை வழியிலேயே விட்டுட்டுப் போனாங்களாம். அதனால பெட்டி மேல இதயப் படம் வரைஞ்சு, அது உன் தோழன்னு சொல்லிக் கொடுத்தாங்க. அப்புறம் அதை விட்டுட்டுப் போக யாருக்கும் மனசு வரல.

அந்தக் கணக்குல பார்த்தா, என் பையன் மாட்டிக்கிட்ட இடம்தான் எனக்குப் பெரிய சேதி. அம்மாவுக்குக் கைப்பழக்கம், எனக்குப் பாதி ஞாபகம், அவனுக்குப் புதிர். மூணே தலைமுறை!

எங்க வீட்டுலயும் ஒரு நோட்டு இருக்கு. ஏர்பேடு திருப்பதிக்கும் காளஹஸ்திக்கும் நடுவுல இருக்கற ஊர். இன்னைக்கு ஐஐடி இருக்கறதால பேரு தெரியும்; அம்மா படிச்சப்ப தெலுங்குப் பள்ளிக்கூடம்தான். அதனால அவங்க நோட்டுல பேச்சு தமிழ், எழுத்து தெலுங்கு. "பருப்பை நல்லா மசிச்சுக்கோ"ங்கறதும் தெலுங்கு எழுத்துலதான் இருக்கும். என்னால படிக்க முடியும். என் மனைவி திருச்சி, அவங்களால முடியாது. பையனுக்கு ரெண்டு எழுத்துமே தெரியாது. கிழியாமலேயே விடுபட்டுப் போற நோட்டு இது.

இப்போ வாரத்துக்கு ஒரு பக்கம் நான் வாசிக்கறேன், அவன் தமிழை இங்கிலீஷ் எழுத்துல தட்டச்சு பண்றான். "தகுந்த அளவு உப்பு" வந்தா, "எவ்ளோ கிராம்?"னு நேரா ஏர்பேட்டுக்கே கேள்வி போகுது. "வாயில போட்டுப் பாருடா"ன்னு பதில் வருது. பையன் அதையும் அப்படியே எழுதி வெச்சுக்கறான்.

உங்க வீட்டுப் பசங்க எந்தப் பக்கத்துல மாட்டிக்கறாங்க?