லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?

புது பைக் வாங்கிக்கொண்டு தெருவுக்குள் நுழைந்து பாருங்கள். நிறத்தைப் பற்றி யாராவது ஒருவர் சொல்வார். வேகத்தைப் பற்றி இரண்டு பையன்கள் விசாரிப்பார்கள். மற்ற அத்தனை பேரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: 'லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?'

தப்பில்லை. நானும் கேட்பேன். பி.காம். படித்தவன் வேறு. ஆனால், இந்தக் கேள்வியை நான் ஒரு முறை ஒரு விமானத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டேன். அதுவும் இன்னும் செய்யவே ஆரம்பிக்காத விமானம். அன்றைக்கு நான் போட்ட கணக்குக்கு இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன்.

சிதறால் போயிருக்கிறீர்களா? கன்னியாகுமரி மாவட்டத்தில், மார்த்தாண்டத்திலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர். ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழைய சமணக் குகைக் கோயில் இருக்கிற மலை. கல் பாவிய பாதையில் மூச்சு வாங்க ஏறினால், இரண்டு பெரிய பாறைகளுக்கு நடுவே ஆள் நுழைகிற இடைவெளி. உள்ளே போனால் பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள். மேலே நின்று பார்த்தால் கீழே ரப்பரும் தென்னையும்தான், மண்ணே தெரியாது. காற்று ஆளைத் தள்ளும்.

அந்த மலையடிவாரத்தில்தான் என் அம்மாவின் தம்பி வீடு. பதினைந்து வருஷம் வளைகுடாவில் கார் மெக்கானிக். எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவர் அப்படி உண்டு. ஊர் திரும்புகிறவர்கள் தங்கம் கொண்டுவருவார்கள், டேப் ரெக்கார்டர் கொண்டுவருவார்கள். மாமா சட்டைப் பையில் ஒரு இரும்புத் துண்டு கொண்டுவந்தார். விரல் நீளம், தீக்குச்சி கனம்.

''இது என்ன தெரியுமாலே? அபெக்ஸ் சீல். ரோட்டரி இன்ஜினுக்க உயிரே இதுலதான் இருக்கு.''

கூடவே ஒரு நோட்டுப் புத்தகம். அது நிறைய இரண்டு பேர் உட்காரும் ஒரு சின்ன விமானத்தின் படங்கள். அமெரிக்காவில் சொந்தமாக விமானம் கட்டிப் பறக்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவர்களில் கொஞ்சம் பேர், விமான இன்ஜின் விலை கட்டுப்படியாகாமல், பழைய மாஸ்டா கார்களின் ரோட்டரி இன்ஜினைக் கழற்றி மாட்டிப் பறந்திருக்கிறார்கள். அதைப் பற்றி எங்கேயோ படித்துவிட்டார் மாமா. அவர் கராஜில் வருஷக்கணக்காகப் பிரித்து மாட்டியதும் அதே இன்ஜின்தான். வெளிநாட்டு நண்பர் ஒருவரிடம் பழைய இன்ஜினுக்குச் சொல்லியும் வைத்திருந்தார்.

கொஞ்சம் பொறுங்கள், இந்த இன்ஜினை உங்களுக்கு அறிமுகப்படுத்திவிடுகிறேன். நம் பைக்கில் பிஸ்டன் மேலும் கீழும் ஓடி ஓடி சக்கரத்தைச் சுற்றவைக்கிறது. ஜெர்மானியரான ஃபெலிக்ஸ் வாங்கெல் யோசித்தது வேறு வழி. சுற்றத்தானே வேண்டும், நேராகவே சுற்றினால் என்ன? இரண்டு பருப்பு உள்ள நிலக்கடலை மாதிரி நடுவில் லேசாக ஒடுங்கிய ஒரு கூடு. அதற்குள் ஓரங்கள் உப்பிய ஒரு முக்கோணம் சுற்றுகிறது. உறிஞ்சுவது, அழுத்துவது, எரிப்பது, புகையைத் தள்ளுவது எல்லாமே முக்கோணத்தின் மூன்று பக்கங்களிலும் மாறி மாறி நடக்கும். 1957-ல் இது முதலில் ஓடியது. 1967-ல் மாஸ்டா இதைக் காரில் வைத்தது. முதல் உலகப் போர் விமானங்களிலும் ரோட்டரி என்று ஒன்று இருந்தது. சிலிண்டர்களே மொத்தமாகச் சுற்றும். அது வேறு, இது வேறு.

''வால்வு கெடையாது, கேம் கெடையாது. ஓடுற சாமானம் மூணே மூணுதான் மக்ளே. ரெண்டு ரோட்டர், ஒரு தண்டு. ஆகாசத்துல கெடுறதுக்கு என்ன இருக்கு?'' என்பார் மாமா.

சின்ன உருவம், அதிர்வு குறைவு, 1,300 சி.சி-யில் 160 குதிரைத் திறன். சீல் தேய்ந்தால்கூடப் பெரும்பாலும் பலம் குறையுமே தவிர, சட்டென்று நின்றுவிடாது. ஒரே ஒரு கெட்ட பெயர்தான். குடிகாரன்! எரிகிற இடம் நீளமாகவும் தட்டையாகவும் இருப்பதால் சூடு சுவரோடு போய்விடுகிறது. மூலையில் தங்கிய பெட்ரோல் எரியாமலேயே புகையோடு வெளியேறுகிறது. 1973-ல் உலகமே பெட்ரோலுக்குத் தவித்தபோது, இந்த இன்ஜினைப் பலரும் கைவிட்டதற்கு அதுதான் காரணம்.

2000-ம் வருஷம். நான் பி.காம். முதல் வகுப்பில் தேறியிருந்தேன். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. மாமா நோட்டுப் புத்தகத்தை என்னிடம் நீட்டினார். ''செலவு என்ன வரும்னு ஒண்ணு பாத்துச் சொல்லு மக்ளே.''

எனக்குத் தலைகால் புரியவில்லை. படித்த படிப்பை யாராவது மதித்துக் கேட்க வேண்டுமே! ஒரு வாரம் உட்கார்ந்து போட்டேன். முழு பலத்தில் ஓடினால் மணிக்குச் சுமார் 60 லிட்டர். வேகம் மணிக்கு 320 கி.மீ. சிதறாலிலிருந்து சென்னைக்கு நேர்கோட்டில் 630 கி.மீ. அதாவது, இரண்டு மணி நேரம், கிட்டத்தட்ட 118 லிட்டர். லிட்டருக்கு ஐந்தேகால் கிலோமீட்டர்!

ஓணத்துக்கு எல்லோரும் கூடியிருந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் வாசித்தேன். கடைசியில் ஒரு பஞ்ச் வேறு: ''மாமா, இது விமானம் இல்ல. யானையைக் கட்டித் தீனி போடுற வேலை!''

கூடமே சிரித்தது. மாமாவும் சிரித்தார். தாளை வாங்கி நான்காக மடித்து, அந்த இரும்புத் துண்டு இருந்த பைக்குள் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு விமானப் பேச்சு அந்த வீட்டில் எழவில்லை. மார்த்தாண்டத்தில் ஒர்க்‌ஷாப் போட்டார். மகளுக்குக் கல்யாணம் முடித்தார்.

எனக்கு உறைத்தது 2014-ல். தொடுபுழாக்காரரான சஜி தாமஸின் செய்தி மேஜைக்கு வந்தது. காது கேட்காது, பேச்சு வராது, ஏழாம் வகுப்புப் படிப்பு. சின்ன வயதில் ரப்பர் தோட்டத்துக்கு மருந்தடிக்க வந்த ஹெலிகாப்டரைப் பார்த்து ஆசைப்பட்டவர், தன் கையால் கட்டிய குட்டி விமானம் பறந்தேவிட்டது. எங்கே? எங்கள் மலைக்கு அந்தப் பக்கம், அம்பாசமுத்திரத்தை அடுத்த மணிமுத்தாறில்! ஓய்வுபெற்ற விங் கமாண்டர் எஸ்.கே.ஜே.நாயர் உதவியிருந்தார். 2017-ல் வந்த 'விமானம்' மலையாளப் படத்துக்குத் தூண்டுதல் இவர் கதைதான்.

அந்தச் செய்திக்காக, விமானப் படையில் இன்ஜினீயராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவரிடம் போனில் பேசினேன். பேச்சுவாக்கில், மாமா கதையையும் என் யானை ஜோக்கையும் எடுத்துவிட்டேன். மறுமுனையில் சிரிப்பு வரவில்லை.

''தம்பி, நீங்க ஆக்ஸிலரேட்டரை முழுசா முறுக்கிப் பிடிச்சிக்கிட்டேதான் ஆபீஸ் போறீங்களா?''

''இல்லை சார்.''

''அப்ப உங்க மாமா மட்டும் ஏன் சென்னை வரைக்கும் முழு த்ராட்டில்ல போகணும்? முழு பலம் மேலே ஏறுறதுக்கு. ஏறினப்புறம் குறைச்சிடுவோம். அதுக்குப் பேர்தான் க்ரூஸ்.''

அவர் சொல்லித்தந்ததை உங்களுக்கும் சொல்கிறேன். விமானத்தைக் காற்று பின்னுக்கு இழுக்கும். வேகம் இரண்டு மடங்கானால் அந்த இழுப்பு நான்கு மடங்கு. அதை வெல்லத் தேவையான பலம் எட்டு மடங்கு! திருப்பிப் பாருங்கள். பலத்தைப் பாதியாகக் குறைத்தால் வேகம் பாதியாகாது. ஐந்தில் ஒரு பங்குதான் குறையும். (ரொம்பவும் மெதுவாகப் போனாலும் நஷ்டம்தான். தன் எடையைத் தூக்கி நிற்கவே விமானம் திணறும்.) போதாக்குறைக்கு, முழு பலத்தில் பெட்ரோலைத் தாராளமாக ஊற்ற வேண்டும். க்ரூஸில் காற்றைக் கூட்டி, பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளலாம். ரோட்டரி அதை நன்றாகவே தாங்கும்.

அன்றிரவு மறுபடி கணக்குப் போட்டேன். 160 குதிரைக்குப் பதில் 80. வேகம் 320-லிருந்து சுமார் 254. பெட்ரோல் மணிக்கு 60-லிருந்து சுமார் 26 லிட்டர். சென்னைக்கு இரண்டரை மணி நேரம், 65 லிட்டருக்குள். லிட்டருக்கு ஒன்பதே முக்கால் கிலோமீட்டர். இரண்டு பேரோடு, பள்ளமில்லாத, டோல்கேட் இல்லாத நேர்கோட்டில்! தோராயக் கணக்குதான். ஆனால், வித்தியாசம் தோராயமில்லை.

ரோட்டரி குடிகாரன் என்பது பொய்யா? பொய்யில்லை. அதே 80 குதிரைக்கு ஒரு நல்ல பிஸ்டன் விமான இன்ஜின் மணிக்கு 22 லிட்டருக்குள் முடித்துக்கொள்ளும். சென்னை போய்ச் சேர்வதற்குள் மாமாவின் இன்ஜின் 11 லிட்டர் கூடுதலாகக் குடிக்கும். சரி. ஆனால், அரை மணி நேரம் முன்னால் போய்ச் சேர நான் எழுதிவைத்த அவசரச் செலவு? 54 லிட்டர்! இன்ஜினின் குற்றம் 11. வேகத்தின் குற்றம் 54. நான் இரண்டையும் கூட்டி இன்ஜின் தலையில் எழுதியிருக்கிறேன். காஸ்ட் அக்கவுன்டிங் பேப்பரில் இப்படிச் செய்திருந்தால் ஃபெயில்!

1986 டிசம்பரில் வாயேஜர் என்ற விமானம் எங்கும் இறங்காமல், எண்ணெய் நிரப்பாமல் ஒன்பது நாளில் உலகத்தைச் சுற்றி வந்தது. பிஸ்டன் இன்ஜின்கள்தான், மொத்தம் இரண்டு. போதுமான அளவு எடை குறைந்ததும் முன்னால் இருந்ததை நிறுத்திவிட்டார்கள். சராசரி வேகம் மணிக்கு 190 கி.மீ-கூட இல்லை. கிளம்பும்போது மூன்று டன்னுக்கு மேல் எரிபொருள். இறங்கும்போது மிச்சம் சுமார் 50 கிலோ. வேகமாகப் போக ஆசைப்பட்டிருந்தால், நடுக்கடலில் நின்றிருப்பார்கள்.

ரோட்டரியும் வீணாகிப் போகவில்லை. நம் நாட்டு விஞ்ஞானிகளே 55 குதிரைத் திறனில் ஒன்று செய்து, 2009-ல் நிஷாந்த் என்ற ஆளில்லா விமானத்தில் பறக்கவிட்டார்கள். இன்ஜின் எடை 30 கிலோதான். மாஸ்டாவும் 2023-ல் ஒரு காரில் ரோட்டரியைத் திரும்பக் கொண்டுவந்தது. சக்கரத்தைச் சுற்றுவதற்கு அல்ல, பேட்டரிக்கு மின்சாரம் தயாரிக்க.

கணக்கு தப்பு என்று தெரிந்த பிறகும் மாமாவிடம் அதைச் சொல்ல எனக்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியது. வெட்கம்தான், வேறென்ன? சமீபத்தில் ஊருக்குப் போனபோது, புதுக் கணக்கை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். மாமாவுக்கு எழுபது. மலை ஏறுவதில்லை. திண்ணையில் உட்கார்ந்து முழுதாகக் கேட்டார். பிறகு உள்ளே போய் ஒரு தாளை எடுத்துவந்தார். நான்காக மடித்த மடிப்பில் கிழிந்திருந்தது. என் பழைய தாள்!

பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். மாமாவின் கோணல் எழுத்து. 'பாதி பவர். 26 லி.'

''அன்னைக்கு ராத்திரியே போட்டுப் பாத்தேன் மக்ளே'' என்றார்.

''பின்ன ஏன் மாமா சொல்லலை?''

''எப்பிடிச் சொல்லுவேன்? வீட்டுல மொதல்ல டிகிரி படிச்ச பயல். எல்லாருக்க முன்னாலயும் எழும்பி வாசிக்குத. ஒனக்க அம்மைக்க மொகத்தப் பாக்கணுமே அன்னைக்கு! அதுல போய் ஒனக்க கணக்கு தப்புன்னா சொல்ல முடியும்?''

எனக்குப் பேச்சு வரவில்லை. அவரே சமாதானமும் சொன்னார்.

''பெட்ரோல் கணக்கு சரியா வந்தாலும் பெர்மிட் கணக்கு வந்திருக்காதுலே. பம்பாயில ஒரு பைலட்டு, மொட்டை மாடியில பிளேன் கட்டினாரே, அவரு எத்தனை வருசம் அலைஞ்சாரு?''

உண்மைதான். அமோல் யாதவ் என்ற அந்த மும்பை பைலட், 2016-ல் தன் விமானத்தைக் கண்காட்சியில் வைத்தார். அதைப் பதிவு செய்து வாங்கவே 2017 நவம்பர் ஆகிவிட்டது. விமானத் தொழிலிலேயே இருப்பவருக்கு அந்தக் கதி. மார்த்தாண்டம் மெக்கானிக்குக் கேட்கவா வேண்டும்? பணம் வேறு, ஓடுபாதை வேறு. என் கணக்கு சரியாகவே இருந்திருந்தாலும் மாமா பறந்திருப்பார் என்று சொல்ல முடியாது.

ஆனால் சார், பெர்மிட்டுக்குத் தோற்றிருந்தால் அது அரசாங்கத்திடம் தோற்றதாக இருந்திருக்கும். ஓடுபாதைக்குத் தோற்றிருந்தால் நிலத்திடம். அவர் தோற்றது என் ஜோக்கிடம் அல்லவா?

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு வருவார். மகனாக இருக்கலாம், மனைவியாக இருக்கலாம், ரிட்டையரான அப்பாவாக இருக்கலாம். கணக்குப் பார்க்காதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பி.காம். படித்தவன் அப்படிச் சொல்லக் கூடாது. தாராளமாகப் பாருங்கள். 'லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?' என்றும் கேளுங்கள். அதற்கு முன்னால் இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள். 'எந்த வேகத்துல போறதா உத்தேசம்?'

அதைக் கேட்டிருந்தால், மாமா அன்றைக்கே பதில் சொல்லியிருப்பார்.