கணினிக்குக் காவல்

புதுக் கணினி வந்ததும் அதற்குச் சந்தனமும் குங்குமமும் இடுவது தமிழர் இல்லங்கள் பலவற்றில் வழக்கம். அடுத்து எழும் வினா ஒன்றுண்டு: வைரஸ் எனப்படும் நச்சுநிரலைத் தடுக்கும் மென்பொருளைத் தனியே விலை கொடுத்து வாங்க வேண்டுமா?

விண்டோஸ் 10, விண்டோஸ் 11 ஆகிய இயங்குதளங்களில் ‘டிஃபெண்டர்’ என்னும் தடுப்பு மென்பொருள் உடன் அமைந்தே வருகிறது. ஆகவே, காவல் கட்டாயம் தேவை. அதைத் தனியே வாங்குவது எல்லா வீட்டிற்கும் கட்டாயமன்று.

ஆயினும், காவலன் உறங்கினால் கோட்டையால் பயனில்லை. 2017ஆம் ஆண்டு மே மாதம் ‘வான்னாகிரை’ என்னும் தீநிரல் ஏறத்தாழ 150 நாடுகளில் பரவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. பிரிட்டனில் மருத்துவமனைகள் பலவற்றில் சிகிச்சைகள் தள்ளிவைக்கப்பட்டன. அது நுழைந்த விரிசலை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதனை நிறுவாத கணினிகளே பெரிதும் சிக்கின.

மென்பொருளால் முற்றிலும் அடைக்க இயலாத வாயில் மனிதரின் அவசரம். பரிசு விழுந்ததாக வரும் பொய்ச்செய்தியை நம்பிக் கடவுச்சொல்லைத் தாமே எழுதிக் கொடுப்பவரைக் காப்பது அரிது.

ஊரிலுள்ள தாத்தா, பாட்டியின் ஒளிப்படங்கள் கணினியில் மட்டுமே இருந்து அழிந்தால், அவற்றை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. வேறொரு வன்தட்டில் படியெடுத்து, அதனைக் கணினியிலிருந்து கழற்றி வைத்தல் நன்று. வெள்ளம் வருமுன் அணை கோலுவதே அறிவுடைமை.