செண்பகத்தோப்பும் மூன்று மில்லிமீட்டர் பலகையும்

ராஜபாளையத்தில் மாதம் ஒருமுறை கூடி நூல்களைப் பற்றிப் பேசும் நண்பர்கள் நாங்கள். எங்களுள் ஒருவர் பள்ளி ஆசிரியர், ஒருவர் பஞ்சாலையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், இன்னொருவர் கடைத்தெருவில் லேசர் வெட்டு இயந்திரம் வைத்துப் பெயர்ப்பலகை செய்து தருபவர். இலக்கியம் பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு இந்த வேலை எதற்கு என்று வீட்டில் உள்ளோர் கேட்டதுண்டு. இருப்பினும் சென்ற கோடை விடுமுறையில் பத்துப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, கணினியில் வரைந்து பலகையில் வெட்டும் கலையைக் கற்பிக்க முனைந்தோம்.

முதல் இரண்டு நாள்கள் எங்களுக்குப் பெருமிதம் தாளவில்லை. திரையில் பெயரை எழுதிப் பொத்தானை அழுத்தினால், சில நிமிடங்களில் சாவிக்கொத்து கையில் வந்து விழுகிறது. அதன் விளிம்பில் கருகிய மரத்தின் மணம் வேறு. தம் பெயர், தம்பியின் பெயர், நடிகரின் பெயர், ராஜபாளையம் நாயின் உருவம் என்று வெட்டித் தள்ளினார்கள். மூன்றாம் நாளும் சாவிக்கொத்துதான். "இதில் கணக்கு எங்கே, அறிவியல் எங்கே?" என்று ஆசிரிய நண்பர் கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை. பிறகு தேடிப் படித்தபோது, பள்ளிகளுக்கென இத்தகைய பட்டறைகளை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலிருந்து தொடங்கிய பவுலோ பிளிக்ஸ்டைன் இதே அனுபவத்தை எழுதியிருப்பதைக் கண்டோம். 2013-இல் வெளிவந்த கட்டுரையில் அவர் இதைச் சாவிக்கொத்து நோய் என்ற பொருள்படவே குறிப்பிடுகிறார். சிறு முயற்சியில் அழகான பொருள் கிடைத்துவிட்டால், கடினமானதைத் தொட மாணவருக்கு மனம் வருவதில்லை.

நோய் புதிதன்று. 1937-இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியில் கைத்தொழில் தனிப்பாடமாக நினைக்கப்படவில்லை. கணக்கும் புவியியலும் அதன் வழியே வரவேண்டும் என்பதே எண்ணம். மதுரையிலிருந்து எங்கள் ஊருக்கு வரும் சாலையிலுள்ள தே.கல்லுப்பட்டியின் காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான் ஜே.சி.குமரப்பா தம் இறுதிக் காலத்தைக் கழித்தார். ஆகவே இவ்வெண்ணம் எங்கள் வட்டாரத்துக்கு அந்நியமானதல்ல. ஆனால் பஞ்சாலை நண்பர் சொன்னது வேறு. அவர் பள்ளியிலும் நூற்பு வகுப்பு இருந்தது. "தக்ளியில நூத்து சிட்டம் கட்டிக் குடுத்தா மார்க்கு. நூல் ஏன் அறுகுதுன்னு ஒருத்தரும் கேட்டதில்ல. அத மில்லுக்குப் போய்த்தான் தெரிஞ்சுக்கிட்டேன்" என்றார். சிட்டமும் ஒரு சாவிக்கொத்துதான் போலும்.

புனே அருகே பாபல் கிராமத்தில் 1983-இல் கல்பாக் தொடங்கிய விஞ்ஞான் ஆசிரமம், செய்துகொண்டே கற்பதையே பாடத்திட்டமாகக் கொண்டது. எம்.ஐ.டி.யின் ஃபேப் லேப் என்னும் உருவாக்கக்கூடம் 2002-இல் அங்கே வந்தபோது, இயந்திரத்துக்கு முன்பே அங்கே கேள்விகள் இருந்தன. எங்களிடம் இயந்திரம் மட்டுமே இருந்தது.

நான்காம் நாள் சாவிக்கொத்துக்குத் தடை விதித்துவிட்டு, செண்பகத்தோப்பு மலையைச் செய்வது என்று முடிவு செய்தோம். பாடப்புத்தகத்தில் சம உயரக் கோடுகள் வருகின்றன. பிள்ளைகள் அதன் வரையறையைப் பிழையின்றி ஒப்பிப்பார்கள். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் ரேடாரால் அளந்த உயரத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. கியூ.ஜி.ஐ.எஸ். என்ற இலவச மென்பொருளில் அதை ஏற்றி, 200 மீட்டர் முதல் 1,600 மீட்டர் வரை நூறு மீட்டருக்கு ஒரு கோடு வரைந்தோம். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு தட்டாக, 3 மி.மீ. எம்.டி.எஃப். பலகையில் 15 தட்டுகள். அடுத்த தட்டு எங்கே அமரவேண்டும் என்பதை லேசரின் வீரியத்தைக் குறைத்து மெல்லிய கோடாகப் பொறித்துக்கொண்டார்கள். பசையிட்டு அடுக்கியபின் மலை கம்பீரமாக எழுந்து நின்றது.

அதை எடுத்துக்கொண்டு ஒரு காலையில் செண்பகத்தோப்புக்குச் சென்றோம். 1988-இல் நரை அணில்களுக்கான சரணாலயமான இக்காடு 2021-இல் புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. நினைத்தபடி உள்ளே போக முடியாது. சோதனைச்சாவடிக்கு இப்பால் தெரிந்தவரின் மாந்தோப்பில், மலை முழுதும் தெரியும்படி உட்கார்ந்தோம்.

கணக்கு வராது என்று பள்ளியில் பெயரெடுத்த சிறுமி ஒருத்தி மாதிரியைக் கண்மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்து, மலையையும் அதையும் மாறிமாறிப் பார்த்தாள். "சார், நம்ம மலை இவ்ளோ செங்குத்தா இல்ல சார்."

பார்வைக் கோணத்தால் அப்படித் தெரிகிறது என்று நாங்கள் ஏதோ சமாளித்தோம். அவள் விடவில்லை. தாளில் கணக்குப் போடத் தொடங்கினாள், இரண்டு முறை தவறினாள், யாரும் உதவவில்லை (உதவத் தெரியவுமில்லை). எங்கள் படம் 1:50,000 அளவு. அப்படியானால் நூறு மீட்டர் உயரம் 2 மி.மீ. இருக்கவேண்டும். பலகையோ 3 மி.மீ. கடையில் இருந்த பலகையின் தடிமன், எங்களைக் கேட்காமலே மலையை ஒன்றரை மடங்கு உயர்த்திவிட்டிருந்தது. தட்டுகளை வெட்டி அடுக்கிய ஒரு வாரத்தில் பெரியவர்கள் மூவருக்கும் இது தோன்றவில்லை.

2 மி.மீ. பலகை மதுரையில் கிடைக்குமா என்று கடைக்கார நண்பர் கைபேசியை எடுத்தார். "எதுக்கு சார்? நூத்தம்பது மீட்டருக்கு ஒரு கோடு போட்டா இதே பலை சரியா வரும்ல" என்றாள் அவள். 'பலகை' அவசரத்தில் 'பலை' ஆகியிருந்தது.

மறுநாள் 200-இலிருந்து 1,550 வரை கோடுகளை மாற்றி வரைந்தார்கள். பத்தே தட்டுகள், நாலரை சென்டிமீட்டர் மலை மூன்றாகத் தாழ்ந்தது. அன்று மாலையில் மீண்டும் செண்பகத்தோப்புக்குப் போகவேண்டும் என்று அவள் அடம்பிடித்ததால் போனோம். வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. நெடுநேரம் பார்த்துவிட்டு, "இப்ப சரி" என்று மட்டும் சொன்னாள்.

பள்ளி திறந்ததும் அவளது வகுப்பாசிரியரிடம் இரண்டு மாதிரிகளையும் கொடுத்து நடந்ததைச் சொன்னோம். அக்கறையோடுதான் கேட்டார். இதற்குச் செய்முறை மதிப்பெண் தர இடமில்லை, வேண்டுமானால் கண்காட்சியில் வைக்கலாம் என்றார். வைத்தார்கள். எடுப்பாகத் தெரிகிறது என்று நாலரை சென்டிமீட்டர் மலையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். அது இப்போது தலைமையாசிரியர் அறைக்கு வெளியே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. மூன்று சென்டிமீட்டர் மலை அவள் வீட்டில், தொலைக்காட்சிப் பெட்டியின் மேல்.