பத்தில் ஒன்று

தொலைபேசித் துறையில் நான் வேலை பார்த்த காலத்தில், பேட்டரி ரூமுக்குள் நுழையுமுன் மோதிரத்தையும் வாட்சையும் கழற்றி வைத்துவிட வேண்டும். இரண்டு வோல்ட் லெட் ஆசிட் செல்கள் 24, வரிசையாக, மொத்தம் 48 வோல்ட். ஊரில் கரண்ட் போனாலும் டெலிபோன் பேசியது அவற்றின் புண்ணியத்தில்தான். மொத்த வோல்டேஜ் சரியாக இருந்தால் போதும் என்று விட்டுவிட மாட்டோம்; ஒவ்வொரு செல்லாக அளந்து ரிஜிஸ்டரில் எழுதுவோம்.

அந்தப் பழக்கம் போன மாதம் உதவியது. நந்தனத்தில் எங்கள் ஃபிளாட் வாட்ச்மேனின் மகன் பேட்டரி சைக்கிளில் சாப்பாடு டெலிவரி செய்கிறவன். கால் முறிந்து மூன்று மாதம் ஊரில் கிடந்துவிட்டு வந்தால், வண்டியில் உயிரே இல்லை. டிஸ்பிளே எரியவில்லை. சார்ஜரைச் செருகினால் உடனே பச்சை விளக்கு.

"ஃபுல்லுன்னு காட்டுது சார், ஆனா ஓட மாட்டேங்குது."

பச்சை விளக்கு எரிந்தால் நிரம்பிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். உள்ளே கரண்ட் போகவில்லை என்பதற்கும் அதே பச்சைதான். மல்டிமீட்டரை எடுத்தேன். சார்ஜர் 42 வோல்ட், சரி. பேட்டரி முனையில் 36 இருக்க வேண்டிய இடத்தில் மூன்று சொச்சம். ஃபியூஸ், சாவி, கனெக்டர் பின் எல்லாம் பார்த்தோம். மழைக்காலத்தில் பின்னில் பச்சை பூத்தாலே வண்டி நின்றுவிடும். இங்கே எல்லாம் சுத்தம்.

மூடியைத் திறந்தேன். லித்தியம் பேட்டரிக்குள் பி.எம்.எஸ். என்று ஒரு சின்ன சர்க்யூட் போர்டு உண்டு. ஏதாவது ஒரு செல் அளவு மீறி ஏறினாலும் இறங்கினாலும் கதவைச் சாத்திவிடும். சும்மா கிடக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்டைக் குடித்துக்கொண்டே இருக்கும். மெல்லிய வயர்களில் ஒவ்வொன்றாக அளந்தேன். பத்து வரிசையில் ஒன்பது 3.2 சுமாருக்கு இருந்தன. ஏழாவது 1.4.

ஒரு மெக்கானிக் 300 ரூபாய்க்கு பி.எம்.எஸ்ஸை பைபாஸ் செய்து தருவதாகச் சொல்லியிருந்தாராம். செய்தால் வண்டி ஓடும். எனக்கு அதுதான் பயம். அவ்வளவு கீழே இறங்கி நாள்கணக்கில் கிடந்த செல்லுக்குள் தாமிரத் தகடு கரைந்திருக்கும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தத் தாமிரம் கண்ட இடத்தில் படிந்து உள்ளேயே ஷார்ட் ஆகலாம். 2022 மார்ச்சில் வேலூரில், இரவு வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் ஓர் அப்பாவும் மகளும் இறந்தார்கள். இவன் சார்ஜ் போடுவது மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அறையில். அங்கேதான் நான்கு பேர் படுக்கிறார்கள்.

"உங்களுக்கென்ன சார், பென்ஷன் வருது" என்றான். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் அப்பாதான், "சார் சொன்னா கேளுடா" என்று அடக்கினார்.

அசோசியேஷனில் அப்பாவின் சம்பளத்தில் அட்வான்ஸ் கேட்டோம். செயலாளர் முகத்தைச் சுளித்துக்கொண்டே கொடுத்தார். மீதிக்குத் தவணை. பழைய பேட்டரியைக் கடைக்காரர் முதலில் வாங்க மாட்டேன் என்றார். பேட்டரிக் கழிவைத் தயாரிப்பாளர்தான் திரும்ப எடுக்கப் பொறுப்பு என்று 2022-லேயே மத்திய அரசு விதி வந்துவிட்டதை எடுத்துச் சொன்னபின் வாங்கி வைத்தார். அதுவரை காம்பவுண்டு ஓரம் மணல் வாளியில் இருந்தது.

"ஊருக்குப் போனா பாதி சார்ஜ்ல வச்சுட்டுப் போ, மாசம் ஒரு தடவை யாரையாவது ஏத்தச் சொல்லு தம்பி" என்றேன். தலையாட்டினான்.

சார்ஜ் போட இப்போது கார் நிறுத்தும் இடத்தில், திறந்த பக்கமாக, ஒரு பிளக் பாயின்ட் வேண்டும் என்று மீட்டிங்கில் கேட்டிருக்கிறேன். அந்த கரண்டுக்கு யார் பணம் கட்டுவது என்று ஒரு மணி நேரம் விவாதம். ஒரு முழு சார்ஜுக்கு அரை யூனிட் கூட ஆகாது. அடுத்த மீட்டிங் ஞாயிற்றுக்கிழமை.