மாமாவின் பிறந்த வருஷம்

சிங்கப்பூரில் ‘முன்னாள் ராணுவ வீரர்’ என்று யாரையும் தனியாகச் சொல்வதில்லை. 1967இல் தேசிய சேவை தொடங்கியதிலிருந்து வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்துப் பூட்ஸ் போட்டிருப்பார்.

அன்றைய நாடாளுமன்ற உறுப்பினரும் தற்காப்பு அமைச்சருமான இங் எங் ஹென் தலைமையிலான குழு, 2014இல் ஒரு பரிந்துரை வைத்தது. சேவையின் மூன்று கட்டங்களில் தலா 2,000 வெள்ளி, மெடிசேவ் கணக்கில். கையில் கொடுத்தால் கரைந்துவிடும். மெடிசேவில் கிடந்தால் ஆஸ்பத்திரிக்கு ஆகும். நல்ல யோசனைதான்.

காத்தோங்கில் இருக்கும் என் மாமா 1962இல் பிறந்தவர். நாற்பது வயதில் ரிசர்விஸ்ட் முடித்தவர். அவருக்கு அந்தப் பணம் இல்லை. முன்னோடித் தலைமுறைத் திட்டம் 1949 வரை பிறந்தவர்களுக்கு, மெர்டேக்கா திட்டம் ஐம்பதுகளில் பிறந்தவர்களுக்கு. 2023இல் அறிவித்த மாஜுலா திட்டத்தில் மாமா உண்டு. ஆனால் அது வயசுக்காக வந்தது, சேவைக்காக அல்ல.

“முட்டி வலிக்கு நான் எந்த வருஷம் பொறந்தேன்னு தெரியுமாடா?” என்று சிரிக்கிறார்.

எந்தச் சலுகைக்கும் எங்காவது ஒரு கோடு போட்டாக வேண்டும், புரிகிறது. ஆனாலும் அவரும் அதே காட்டில் அதே மூட்டையைச் சுமந்தவர். முன்பே சேவை முடித்தவர்களுக்கு மூன்றில் ஒரு கட்டத் தொகையாவது மெடிசேவில் போடலாமே என்று எந்த உறுப்பினராவது கேட்டால், எங்கள் வீட்டில் எல்லோரும் டிவி முன்னால் உட்காருவோம்.